ஹார்ட் அட்டாக்கும் ஆறு மாதக் காத்திருப்பும்: கொழுப்பு மாத்திரையை எப்போது தொடங்குவது என்ற கேள்வியின் கதை

1/
ஹார்ட் அட்டாக் வந்து, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய ஒருவர் பத்து நாள் கழித்து ஒரு லேப் ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தார். வயது 52.

"டாக்டர், அட்மிட் ஆன அன்னைக்கே கொழுப்பு மாத்திரை குடுத்துட்டாங்க. அப்ப கொழுப்பு டெஸ்ட் ரிசல்ட்டே வரல. இப்ப வெளிய எடுத்துப் பார்த்தா எல்லாம் நார்மல்னு வந்திருக்கு. அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை? நிறுத்திடவா?"

நியாயமான கேள்விதான். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை மருத்துவ உலகமே பல வருடம் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கதை தெரிந்தால் மாத்திரையை நிறுத்த மனசு வராது. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க.

2/
இன்றைய நடைமுறை இதுதான். மாரடைப்பு என்று உறுதியாகிவிட்டால் கொழுப்பு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கெட்ட கொழுப்பான எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் சரி, வீரியமான அளவில் ஸ்டாட்டின் மாத்திரையை முடிந்தவரை சீக்கிரம், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. மாரடைப்பு வந்தவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது, "எண்ணெய், நெய், கறி எல்லாம் குறைச்சுக்குங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொழுப்பு டெஸ்ட் எடுப்போம். அப்பவும் கூடுதலா இருந்தா மாத்திரையைப் பத்தி யோசிப்போம்" என்பதுதான் பல இடங்களில் வழக்கம்.

சோம்பேறித்தனத்தால் வந்த வழக்கம் இல்லை அது. அதற்கும் காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

3/
கதை ஜப்பானில் தொடங்குகிறது. அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, 1971இல் சாங்க்யோ என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் பூஞ்சைகளைச் சோதிக்க ஆரம்பித்தார்.

அவருடைய கணக்கு எளிமையானது. நம் உடம்பில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்புக்கு ஒரு என்ஸைம் வேண்டும். பூஞ்சைகள் தம்மைத் தாக்கும் கிருமிகளை அழிக்க ரசாயனங்களைச் சுரக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று இந்த என்ஸைமைத் தடுக்காதா?

ஏறக்குறைய 6000 நுண்ணுயிர்களைச் சோதித்தார்கள். 1973இல் கிடைத்தது காம்பாக்டின். கியோட்டோவில் ஒரு தானியக் கடையில் எடுத்த அரிசி மாதிரியில் இருந்த பச்சைப் பூஞ்சையிலிருந்து வந்த பொருள் அது. உலகின் முதல் ஸ்டாட்டின்.

4/
மருந்து கிடைத்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. க்ளோஃபைப்ரேட் என்ற பழைய கொழுப்பு மருந்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 1978இல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு குறைந்திருந்தது. ஆனால் மொத்த இறப்பு கூடியிருந்தது!

கொழுப்பைக் குறைத்தால் மட்டும் போதாது, ஆள் பிழைத்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த அடி 1980இல் விழுந்தது. மிக அதிக அளவில் காம்பாக்டின் கொடுக்கப்பட்ட நாய்களுக்குக் கட்டி வந்ததாகச் சந்தேகம் எழுந்தது. சாங்க்யோ அந்த மருந்தையே கைவிட்டது. எண்டோவின் கண்டுபிடிப்பு கடைசிவரை மருந்துக்கடைக்கு வரவே இல்லை. அதன் நெருங்கிய உறவான லோவாஸ்டாட்டின்தான் 1987இல் அமெரிக்காவில் முதன்முதலில் அனுமதி பெற்றது.

அனுமதி கிடைத்தபோதும், "இது கொழுப்பைக் குறைக்கும். சரி. உயிரைக் காக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

5/
பதில் வந்தது 1994 நவம்பரில். ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வு. சுருக்கமாக "ஃபோர் எஸ்" என்பார்கள்.

4444 நோயாளிகள். எல்லோருக்கும் ஏற்கனவே மாரடைப்போ ஆஞ்சைனா என்னும் நெஞ்சுவலியோ இருந்தது. பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள்.

போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 11.5 சதவீதம். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 8.2 சதவீதம். எண்ணிக்கையில் சொன்னால் 256 பேர், 182 பேர்.

க்ளோஃபைப்ரேட் கிளப்பிய பயத்துக்கு இதுதான் பதில். இதய மருத்துவத்தில் ஒரு யுகம் அன்று மாறியது.

6/
இனிமேல்தான் நம் கதையின் முக்கியமான இடம்.

ஃபோர் எஸ் ஆய்வில் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்று ஒரு பட்டியல் இருந்தது. எல்லா ஆய்விலும் இருக்கும். சேர்க்கக்கூடாதவர்கள் பட்டியலில் ஒரு வரி: கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள்.

அடுத்து வந்த பெரிய ஆய்வுகளும் இதே பாதையில்தான் போயின. 1996இல் வந்த "கேர்" ஆய்வு, மாரடைப்பு வந்து 3 மாதம் முதல் 20 மாதம் ஆனவர்களை எடுத்தது. 1998இல் வந்த "லிப்பிட்" ஆய்வு 3 மாதம் முதல் 36 மாதம் ஆனவர்களை எடுத்தது.

அதாவது, ஸ்டாட்டின் பலன் தரும் என்று நிரூபித்த மூன்று பெரிய ஆய்வுகளிலும் மாரடைப்பு வந்து முதல் மூன்று மாதத்துக்குள் இருந்த ஒருவர்கூட இல்லை.

7/
ஏன் ஒதுக்கினார்கள்?

மாரடைப்புக்குப் பிந்தைய முதல் மாதங்கள் கொந்தளிப்பானவை. இதயத் தசை பலவீனமாக இருக்கும், துடிப்பு தாறுமாறாகலாம், திடீர் மரணம் நேரலாம். கொழுப்போடு நேரடித் தொடர்பில்லாத காரணங்களால் பலர் இறந்தால் மருந்தின் பலன் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும். கொந்தளிப்பு அடங்கிய நோயாளிகளை எடுத்தால் கணக்கு தெளிவாக வரும்.

ஆய்வு நடத்துபவர்களுக்கு அது வசதி. தப்பே இல்லை.

தப்பு நடந்தது அதற்கப்புறம். "அந்த மாதங்களில் கொடுத்துப் பார்க்கவில்லை" என்று ஆய்வு சொன்னதை, "அந்த மாதங்களில் கொடுக்கத் தேவையில்லை" என்று நடைமுறை வாசித்துக்கொண்டது. ஆய்வாளர்களின் வசதிக்குப் போட்ட வேலி, நோயாளிகளுக்கான விதி ஆகிவிட்டது.

8/
இந்த வாசிப்புக்கு முட்டுக் கொடுக்க மூன்று காரணங்களும் கைவசம் இருந்தன.

ஒன்று, டெஸ்ட் குழப்பம். மாரடைப்பு மாதிரி பெரிய அதிர்ச்சி உடம்புக்கு வந்தால் எல்டிஎல் அளவு தற்காலிகமாக இறங்கும். முதல் 24 மணி நேரத்தில் எடுத்தால் ஓரளவு உண்மையான அளவு தெரியும். அதற்குப் பிறகு எடுத்தால் குறைத்துக் காட்டலாம். பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதனால் "பொறுத்து டெஸ்ட் எடு" என்றார்கள். டெஸ்ட் தள்ளிப்போனது, அதோடு சேர்ந்து மாத்திரையும் தள்ளிப்போனது.

இரண்டு, "முதலில் உணவுக் கட்டுப்பாடு, பிறகு மருந்து" என்ற கொள்கை.

மூன்று, அவசரம் இல்லை என்ற எண்ணம். ஃபோர் எஸ் ஆய்வில் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. மெதுவாக வேலை செய்கிற மருந்துக்கு ஏன் அவசரம்?

9/
மூன்றுமே கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது.

மாரடைப்பு வந்தவருக்கு மறுபடியும் மாரடைப்பு வரும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது அந்த முதல் சில மாதங்களில்தான். திருட்டு நடக்கும் நேரம் பார்த்துக் காவல்காரருக்கு லீவு கொடுத்த மாதிரி ஆனது.

இன்னொரு பக்கம் மாரடைப்பு பற்றிய புரிதலே மாறிக்கொண்டிருந்தது. ரத்தக்குழாயில் கொழுப்பு சேர்ந்து சேர்ந்து, குழாய் சுருங்கிச் சுருங்கி, ஒரு நாள் முழுசாக அடைபடுகிறது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். 1980களின் இறுதியில் ஆஞ்சியோ படங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. பிற்பாடு மாரடைப்பை உண்டாக்கிய இடங்களில் பல, முன்பு எடுத்த படத்தில் பாதிகூட அடைபடாமல் இருந்தன!

10/
அப்படியென்றால் என்ன நடக்கிறது? உடம்பில் பழுத்த கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய தோல், உள்ளே சீழ். அது எவ்வளவு பெரிசு என்பதைவிட, தோல் எவ்வளவு மெலிசு என்பதுதான் எப்போது உடையும் என்பதைத் தீர்மானிக்கும்.

ரத்தக்குழாயின் கொழுப்புப் படிவும் அப்படித்தான். உள்ளே கொழுப்பும் அழற்சியும், மேலே மெல்லிய மூடி. மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். அதுதான் பெரும்பாலான மாரடைப்பு.

ஒரு இடத்தில் உடைந்த மனிதருக்கு வேறு இடங்களிலும் பழுத்த கட்டிகள் இருக்கலாம். ஸ்டென்ட் சரிசெய்வது உடைந்த இடத்தை. மற்ற இடங்களுக்கு? அங்கேதான் ஸ்டாட்டின் வருகிறது. கொழுப்பைக் குறைத்து, அழற்சியைத் தணித்து, மூடியைக் கெட்டிப்படுத்த உதவுகிறது. அப்படியானால் ஏன் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்?

11/
கேள்வியைச் செயலில் கேட்டவர்களில் முக்கியமானவர், லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த க்ரெக் ஃபோனரோ. 1994இல் அவருடைய குழு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாரடைப்பு நோயாளி வீட்டுக்குப் போவதற்கு முன்பே ஆஸ்பிரின், பீட்டா ப்ளாக்கர் போன்ற மருந்துகளோடு ஸ்டாட்டினும் தொடங்கப்பட்டிருக்க வேண்டும்.

திட்டத்துக்கு முன் டிஸ்சார்ஜின்போது ஸ்டாட்டின் வாங்கிப் போனவர்கள் 6 சதவீதம். திட்டத்துக்குப் பின் 86 சதவீதம்.

அந்த 6 சதவீதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே நூற்றுக்கு ஆறு பேர்.

12/
முறையான பெரிய சோதனை 2001இல் வெளியானது. பெயர் "மிராக்கிள்". ஸ்டென்ட், பைபாஸ் எதுவும் திட்டமிடப்படாத 3086 பேர். நிலையற்ற ஆஞ்சைனா அல்லது ஒரு வகை மாரடைப்போடு சேர்ந்தவர்கள். அட்மிட் ஆகி 24 முதல் 96 மணி நேரத்துக்குள் பாதிப் பேருக்கு அடோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. 16 வாரம் கவனித்தார்கள்.

இறப்பு, மறு மாரடைப்பு, இதயம் நின்று மீட்கப்படுதல், நெஞ்சுவலியால் அவசரமாக மீண்டும் அட்மிட் ஆவது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 17.4 சதவீதம் 14.8 ஆகக் குறைந்தது.

குறைவு பெரும்பாலும் வந்தது கடைசி வகையில், அதாவது மீண்டும் அட்மிட் ஆவதில். இறப்பிலோ மறு மாரடைப்பிலோ நிச்சயமாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பெயரில் மட்டும்தான் அதிசயம். முடிவு அடக்கமானது.

ஆனாலும் "முதல் வாரத்திலேயே கொடுத்தால் ஆபத்தாகுமோ" என்ற பயத்தை அது பெருமளவு குறைத்தது.

13/
அதே 2001இல் ஸ்வீடனின் தேசிய இதயப் பதிவேட்டிலிருந்து ஒரு கணக்கு வந்தது. முதல் மாரடைப்பு வந்த 19,599 பேர். டிஸ்சார்ஜுக்குள் ஸ்டாட்டின் தொடங்கியவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 4 சதவீதம். தொடங்காதவர்களில் 9.3 சதவீதம்.

பாதிக்கும் கீழே! ஆனால் அவசரப்படாதீங்க. இது குலுக்கல் முறையில் பிரித்த சோதனை இல்லை. டாக்டர்கள் யாருக்கு ஸ்டாட்டின் எழுதியிருப்பார்கள்? வயது குறைந்த, உடம்பு தேறிய நோயாளிகளுக்கு அதிகம் எழுதியிருப்பார்கள். அந்த வித்தியாசங்களைச் சரிக்கட்டிய பிறகு மிஞ்சிய பலன், ஏறத்தாழ 25 சதவீதக் குறைவு.

அமெரிக்காவின் தேசியக் கொழுப்பு வழிகாட்டியும் அந்த ஆண்டு மாறியது. அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் கொழுப்பை அளந்துவிடுங்கள், எல்டிஎல் 130க்கு மேல் இருந்தால் டிஸ்சார்ஜின்போதே மருந்து தொடங்குங்கள் என்றது. ஆறு மாத வேலி சரியத் தொடங்கிவிட்டது.

14/
2004இல் வந்தது "ப்ரூவ் இட்". 4162 பேர். மாரடைப்போ நிலையற்ற ஆஞ்சைனாவோ வந்து பத்து நாளுக்குள் இருந்தவர்கள். ஒரு பக்கம் ப்ராவஸ்டாட்டின் 40 மில்லிகிராம், மறுபக்கம் அடோர்வாஸ்டாட்டின் 80.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ப்ராவஸ்டாட்டின் விற்ற கம்பெனி. தங்கள் மருந்து போட்டி மருந்துக்குக் குறைந்ததில்லை என்று காட்டத்தான் நடத்தினார்கள். சொந்தக் காசிலேயே தோற்றார்கள்!

இரண்டு வருடத்தில் இதயம் தொடர்பான பாதிப்புகள் ப்ராவஸ்டாட்டின் பக்கம் 26.3 சதவீதம், அடோர்வாஸ்டாட்டின் பக்கம் 22.4 சதவீதம். எல்டிஎல் முறையே 95, 62. வித்தியாசம் முதல் 30 நாளிலேயே தலைகாட்ட ஆரம்பித்துவிட்டது.

கவனிக்க: இரண்டு பக்கமும் ஸ்டாட்டின்தான், இரண்டு பக்கமும் சீக்கிரம்தான். இது சொன்னது வீரியத்தைப் பற்றி, நேரத்தைப் பற்றி அல்ல.

15/
நேரத்தைச் சோதித்தது அதே ஆண்டு வந்த "ஏ டு இசட்" ஆய்வு. 4497 பேர். ஒரு பக்கம் உடனே சிம்வாஸ்டாட்டின், ஒரு மாதம் கழித்து 80 மில்லிகிராம். மறுபக்கம் நான்கு மாதம் போலி மாத்திரை, பிறகு குறைந்த அளவு சிம்வாஸ்டாட்டின்.

முதல் நான்கு மாதத்தில் வித்தியாசம் இல்லை. மொத்த முடிவிலும் பலன் நிச்சயமாக நிரூபிக்கப்படவில்லை. மேலும் 80 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களில் 9 பேருக்குக் கடுமையான தசைப் பாதிப்பு. சிம்வாஸ்டாட்டின் 80ஐப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று 2011இல் அமெரிக்க மருந்துத் துறை சொல்லிவிட்டது.

2006இல் இப்படிப்பட்ட 12 ஆய்வுகளை, 13,024 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் நான்கு மாதத்தில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் இவை உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை.

16/
"என்ன டாக்டர், இவ்வளவு சொல்லிட்டு கடைசில பலன் இல்லைங்கறீங்க?" என்று கேட்பீர்கள்.

இல்லை. சேர்த்துப் பாருங்க. ஸ்டாட்டின் முதல் வாரத்தில் மாயம் செய்யும் மருந்து அல்ல. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட்டால் உயிர் காக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. சீக்கிரம் தொடங்குவதால் பெரிய ஆபத்தும் இல்லை. அப்படியானால் காத்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

நஷ்டம் மட்டும் நிச்சயம். "மூணு மாசம் கழிச்சு பார்ப்போம்" என்று அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்ப வருவதே இல்லை. வந்தாலும் வலி இல்லை, புதிதாக ஒரு மாத்திரை எதற்கு என்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போது தொடங்கிய மாத்திரைக்கு ஒரு மரியாதை உண்டு. அது "ஹார்ட் அட்டாக் மாத்திரை". மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால் அது வெறும் "கொழுப்பு மாத்திரை".

டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்பட்டதா இல்லையா என்பதுதான் பலருடைய அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானித்தது.

17/
தொடங்குவதைப் போலவே நிறுத்துவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2002இல் ஒரு அலசல் வந்தது. ஏற்கனவே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நெஞ்சுவலியோடு அட்மிட் ஆனபோது சிலருக்குத் தொடர்ந்தார்கள், சிலருக்கு நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்களுக்கு இறப்பும் மாரடைப்பும் தொடர்ந்தவர்களைவிட அதிகம். குலுக்கல் சோதனை இல்லை என்றாலும், "ஆபத்தான நேரத்தில் நிறுத்தாதே" என்ற எச்சரிக்கையாக அது நின்றது.

18/
இந்தக் கதை தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2023 ஜூனில் "இதயம் காப்போம்" திட்டம் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள் தரப்படும். ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. அந்த எட்டும் சேர்ந்தால் 80 மில்லிகிராம்.

ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ரத்தம் மேலும் உறையாமல் அந்த நேரத்திலேயே வேலை செய்பவை. அடோர்வாஸ்டாட்டினை நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஆயுள் முழுக்க நடக்கப்போகும் ஒரு வேலையின் முதல் நாள் அது.

ஒரு காலத்தில் ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்ட மருந்து, இன்று ஆம்புலன்ஸ் புறப்படும் முன்பே கையில் கொடுக்கப்படுகிறது.

19/
இப்போது அந்த 52 வயதுக்காரரிடம் வருவோம். அவரிடம் நான் சொன்னது இதுதான்.

"அண்ணே, உங்க ரிப்போர்ட் நார்மலா வந்ததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒன்னு, ஹார்ட் அட்டாக் வந்த அதிர்ச்சியில கொழுப்பு தானா இறங்கியிருக்கும். ரெண்டு, பத்து நாளா நீங்க சாப்பிடற மாத்திரை வேலை செய்யுது. ரெண்டுல எதுவா இருந்தாலும் நிறுத்தக்கூடாது. குடை பிடிச்சதால நனையல. நனையலையேன்னு குடையை மடக்குவீங்களா?"

சிரித்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவிதான், "இனி நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் விளக்கத்தைவிட அதிக நாள் வேலை செய்யும் என்று நம்புகிறேன்.

20/
உங்கள் வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

● டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டாட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். தகுந்த காரணம் இருக்கலாம். கேட்பதில் தவறில்லை.

● தொடங்கி 4 முதல் 8 வாரத்தில் கொழுப்பு டெஸ்ட் எடுங்கள். எல்டிஎல் 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டி. குறையவில்லை என்றால் எஸெட்டிமைப் போன்ற கூடுதல் மருந்து தேவைப்படலாம்.

● தசைவலி, சோர்வு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். கடும் தசைவலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

● "நார்மல் ஆயிடுச்சு" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம்.

21/
அகிரா எண்டோ 2024 ஜூனில், தொண்ணூறு வயதில் காலமானார். அரிசிப் பூஞ்சையில் அவர் கண்டது மருந்தாக மாறி மனிதர்களை அடைய பல வருடம் ஆனது. அடைந்த பிறகும், அது மிகவும் தேவைப்பட்ட மாதங்களில் பல வருடம் அது தள்ளி வைக்கப்பட்டது. காரணம், சோதித்துப் பார்க்காத ஒன்றைத் தேவையில்லாத ஒன்று என்று நாங்கள் எடுத்துக்கொண்டதுதான்.

மருத்துவர்களான எங்களுக்கு இதில் பாடம் இருக்கு. உங்களுக்கும் ஒன்று இருக்கு. அந்தத் தாமதத்தை மருத்துவம் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டது. மாத்திரை இப்போது முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது மாதமும் இருபதாவது மாதமும் அது உங்கள் கையில்தான் இருக்கு.

தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள்.